வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப் மவுண்ட்: வகைகளும் நிறைகுறைகளும் என் தேர்வும்

துப்பாக்கியையும், குறிபார்க்க அதன்மேல் வைக்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூட, அவ்விரண்டையும் இணைக்கும் மவுண்ட்டைக் கடைசி நேரத்தில், கடையில் கையிருப்பில் உள்ள ஏதோ ஒன்றாக வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு குறி அலையும்போது ஸ்கோப்பைச் சந்தேகிக்கிறார்கள், தோட்டாவை மாற்றிப் பார்க்கிறார்கள், தங்கள் கையையே நொந்துகொள்கிறார்கள். மவுண்ட்டின் திருகுகளைத் தொட்டுப் பார்க்கும் எண்ணம் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வருகிறது. காயம்பட்ட விலங்கு புதருக்குள் மறைந்துபோவதைவிட வருத்தம் தரும் நிகழ்வு வேட்டையில் இல்லை. அதற்கு ஒரு தளர்ந்த திருகு காரணமாகிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் சந்தையில் கிடைக்கும் மவுண்ட் வகைகளை இங்கே ஒப்பிட்டு மதிப்பிடுகிறேன். என் கண்முன் இருப்பது 300 மீட்டருக்குள் பயன்படும், ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கியும், 3-9x40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) போன்ற நடுத்தர அளவு ஸ்கோப்பும். நெடுந்தூரப் போட்டிக்கான துப்பாக்கிகளின் தேவை வேறு. அவற்றை ஒட்டிய அறிவுரைகளை வேட்டைத் துப்பாக்கிக்கு அப்படியே பொருத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

முதலில் மவுண்ட் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். .30-06 தோட்டாவைச் சுடும்போது, ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோவுக்குச் சற்று மேற்பட்ட துப்பாக்கி, ஏறத்தாழ இரண்டு மில்லிவினாடிகளில் வினாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தை எட்டிப் பின்னோக்கி உதைக்கிறது. ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. 450 கிராம் எடையுள்ள ஸ்கோப்பை அந்த நேரத்துக்குள் அந்த வேகத்துக்கு இழுத்துச் செல்ல மவுண்ட் கொடுக்க வேண்டிய விசையைக் கணக்கிட்டால், சராசரியாக 80 கிலோ எடைக்கு ஒப்பான அளவு வருகிறது. 800 கிராம் ஸ்கோப் என்றால் அது 140 கிலோவைத் தாண்டும். இந்த இழுவை முழுவதையும் ஸ்கோப்பின் குழாய்க்கும் அதைக் கவ்வும் வளையமான ரிங்குக்கும் இடையிலுள்ள உராய்வும், ரிங்குக்கு அடியிலுள்ள தளமான பேஸின் சில சிறு திருகுகளும்தான் தாங்குகின்றன. மறுபக்கம், முன் ரிங்குக்கும் பின் ரிங்குக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால், அவற்றில் ஒன்று வெறும் 0.03 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 100 மீட்டரில் குறி 3 சென்டிமீட்டர் விலகும். இவ்வளவு முரட்டு விசையையும் இவ்வளவு நுண்ணிய துல்லியத்தையும் ஒருசேரக் கேட்கும் உறுப்பு துப்பாக்கியில் வேறு அதிகம் இல்லை.

ஆகவே மவுண்ட்டைக் கையில் எடுத்தவுடன் நான் பார்ப்பது அதில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத்தான். துப்பாக்கியின் உலோக உடலான ரிசீவரின்மேல் பேஸ், பேஸின்மேல் ரிங், ரிங்குக்குள் குழாய் என்று மூன்று இணைப்புகள் கொண்டது பழகிய அமைப்பு. பேஸும் ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே உலோகத் துண்டாக இருந்தால் இரண்டு. ரிசீவரிலேயே பேஸ் கடைந்து எடுக்கப்பட்டிருந்தாலும் இரண்டுதான். ஒவ்வோர் இணைப்பும் அளவுப் பிழை சேரும் இடம், திருகு தளரும் இடம், எண்ணெய் கசிந்து நுழையும் இடம். வசதிக்காகக் கூட்டும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

ரெட்ஃபீல்ட் பெயரால் பழைய தலைமுறையினர் அறிந்த, லூபோல்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் விற்றுவரும் சுழல் டவ்டெயில் (ஆப்பு வடிவ விளிம்பு பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் இணைப்பு) அமைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதில் முன் ரிங்கின் அடிப்பகுதியைப் பேஸின் துளைக்குள் இறக்கி 90 பாகை திருப்பினால் அது பூட்டிக்கொள்ளும். பின் ரிங்கை இடமும் வலமுமாக இரண்டு பெரிய திருகுகள் கவ்விப் பிடிக்கும். அத்திருகுகளை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கினால் ஸ்கோப் பக்கவாட்டில் நகரும். ரிசீவரின் துளைகள் சற்றுக் கோணலாக இருந்த காலத்தில் இது பெரிய உபகாரமாக இருந்தது. தோற்றத்திலும் இதன் வளைவுகள் பழைய வால்நட் கட்டைத் துப்பாக்கியோடு அழகாக ஒத்துப்போகும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின் ரிங்கை அந்தப் பக்கத் திருகுகளின் விளிம்புகளே பிடித்திருப்பதால், உதையின் பாரம் பெரும்பாலும் முன் டவ்டெயிலின்மேல் விழுகிறது. மிதமான உதை உள்ள துப்பாக்கிக்கு இது போதும்; கடுமையாக உதைக்கும் மேக்னம் தோட்டாவுக்கும் கனத்த ஸ்கோப்புக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இடத்தில் அதே நிறுவனத்தின் டூயல் டவ்டெயில் மேலானது. அதில் இரு ரிங்குகளும் சுழன்று பூட்டிக்கொள்கின்றன, தளர்வதற்குப் பக்கத் திருகே இல்லை. பக்கவாட்டுச் சரிசெய்தலும் கிடையாது, ஆகவே ரிசீவரின் துளைகள் நேராக இருப்பது கட்டாயமாகிறது. முன் ரிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஸ்கோப்பின் குழாயை வளைக்கும் செயல். ரிங்கின் விட்டத்துக்கு ஏற்ற உருளைக் கம்பி ஒன்றை வைத்தே திருப்ப வேண்டும்.

வீவர் வகைப் பேஸ் எளிமைக்குப் பெயர் பெற்றது. 1930-இல் வில்லியம் வீவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகப் பரவிய இந்த அமைப்பில், பேஸின் விளிம்புகளை ரிங் கவ்வ, குறுக்கே செல்லும் ஒரு போல்ட் பேஸின் பள்ளத்தில் அமர்ந்து உதையைத் தடுக்கிறது. அந்தப் பள்ளத்தின் அகலம் 4.57 மில்லிமீட்டர், பள்ளங்களுக்கு இடையிலான தூரம் எல்லாப் பேஸ்களிலும் ஒன்றாக இருக்காது. பின்னர் அமெரிக்க ராணுவம் மில்-எஸ்டிடி-1913 என்ற தரமாக 1995-இல் வகுத்த பிகட்டினி ரெயில் என்ற பள்ளமிட்ட பட்டையில் பள்ளம் 5.23 மில்லிமீட்டர், மையத்துக்கு மையம் 10 மில்லிமீட்டர் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. இந்த வேறுபாட்டை வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டும்: வீவர் ரிங் பெரும்பாலும் பிகட்டினி ரெயிலில் அமரும், ஆனால் பிகட்டினி ரிங்கின் தடித்த போல்ட் வீவர் பள்ளத்துக்குள் இறங்காது. பழைய பாணி வீவர் ரிங்குகளில் மேல்மூடி ஒரு பக்கம் கொக்கியாக மாட்டி மறுபக்கம் மட்டும் திருகப்படுவதால், இறுக்க இறுக்க ஸ்கோப் தன்னச்சில் சுழலும். ஸ்கோப்புக்குள் நேராக வைத்த குறிபார்க்கும் குறுக்குக்கோடு கடைசிச் சுற்றில் சாய்ந்துவிடும். குறைந்த செலவில் உறுதி வேண்டும் என்பவர்கள் வீவர் பேஸை வாங்கலாம். அதன்மேல் இரு பக்கமும் திருகுள்ள தரமான எஃகு ரிங்குகளைப் போடுவது நல்லது.

முழுநீளப் பிகட்டினி ரெயில் இன்று எல்லாரும் கேட்கும் பொருளாகிவிட்டது. அதன் நன்மைகள் உண்மையானவை. ரிங்குகளை எந்தப் பள்ளத்திலும் வைக்கலாம் என்பதால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையிலான தூரத்தை விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். நீண்ட ஆக்‌ஷன் உள்ள துப்பாக்கியில் குட்டையான ஸ்கோப்பைப் பொருத்தும்போது, இரண்டு தனிப் பேஸ்களுக்கு நடுவிலுள்ள தூரம் குழாயின் நேரான பகுதியைவிட அதிகமாகி, ரிங் ஸ்கோப்பின் விரியும் பகுதியில் முட்டும் சங்கடம் வரும். ரெயில் அதைத் தீர்த்துவிடும். ஆனாலும் என் வேட்டைத் துப்பாக்கிக்கு அதை நான் முதல் தேர்வாகக் கொள்வதில்லை. ரிசீவரின் வாயை ரெயில் பாதி மூடுவதால் குளிரில் விறைத்த விரல்களால் தோட்டாவை மேலிருந்து ஊட்டுவது கடினமாகிறது. ஸ்கோப் தேவைக்கு மேல் உயர்கிறது. கையில் ஏந்தி நடக்கும்போது, துப்பாக்கியின் எடை சமனாகும் அந்த நடு இடத்தில், ரெயிலின் பற்கள் உள்ளங்கையை உறுத்துகின்றன.

20 எம்ஓஏ சரிவுள்ள ரெயிலை வேட்டைக்காரர்களிடமும் விற்கிறார்கள். ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோணம், 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், ஆக இந்தச் சரிவு 58 சென்டிமீட்டர். நெடுந்தூரத்தில் ஸ்கோப்பின் ஏற்றத் திருப்பம் (குறியை மேலும் கீழும் நகர்த்தும் வரம்பு) தீர்ந்துவிடாமல் இருக்க அது உதவும். 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மொத்தத் திருப்பம் 40 எம்ஓஏ மட்டுமே உள்ள ஸ்கோப்பானால், நடுவிலிருந்து கீழே 20 எம்ஓஏதான் இருக்கும். அதை இந்தச் சரிவு முழுவதும் விழுங்கிவிட்டு, 100 மீட்டரில் ஸீரோ செய்யவே, அதாவது குண்டு விழும் இடத்தோடு குறியைப் பொருத்தவே, முடியாத நிலை வரலாம். வேட்டைக்குச் சரிவற்ற ரெயிலையே கேட்டு வாங்குங்கள்.

என் முதல் தேர்வு, பேஸும் ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே துண்டாகக் கடையப்பட்ட மவுண்ட். இவ்வகையில் டாலி நிறுவனத்தின் அலுமினிய ரிங்குகள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. வேறு பல நிறுவனங்களும் இதே வடிவத்தைச் செய்கின்றன. எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு என்பதால், நாள் முழுவதும் மலையேறுகிறவருக்கு இதன் எடைக்குறைவு தோளில் தெரியும். நடுவில் தளர்வதற்கு ஓர் இணைப்பு குறைவு. ரிசீவரின் வாய் திறந்தே இருக்கிறது. ஸ்கோப் தாழ்வாக அமர்கிறது. குறைகளையும் சொல்ல வேண்டும். உயரத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற வழியில்லை. முன்பின் நகர்த்தும் இடம், குழாயின் நேரான பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான். ஒவ்வொரு துப்பாக்கி மாதிரிக்கும் அடிப்பகுதியின் வளைவு வேறு. எடுத்துக்காட்டாக, ரெமிங்டன் 700-இன் ரிசீவர் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருப்பதால் முன் மவுண்ட்டும் பின் மவுண்ட்டும் வெவ்வேறு உயரத்தில் செய்யப்படுகின்றன. துப்பாக்கி மாறினால் மவுண்ட்டும் மாற வேண்டும்.

இந்த வகைக்கு ரிசீவரின் துளைகள் ஒரே கோட்டில் இருப்பது மிக முக்கியம். அதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேஸையோ கீழ்ப்பாதியையோ ரிசீவரில் வைத்து, ஒரு முனையின் திருகை மட்டும் இறுக்கி, பின்னால் விளக்கைப் பிடித்து மறுமுனையின் அடியில் பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிந்தால் பேஸ் முழுமையாகப் படியவில்லை. இரண்டாவது திருகையும் முறுக்கி அந்த இடைவெளியை மூடிவிடுவதுதான் பலரும் செய்வது. ஆனால் அப்போது பேஸ் வில்லாக வளைந்து, அந்த வளைவு ரிங் வழியாக ஸ்கோப்பின் குழாய்க்குப் போய்ச் சேர்கிறது. அடுத்து ஸ்கோப்பை இரண்டு கீழ்ப்பாதிகளில் மெதுவாக வைத்து, ஒரு முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு கால் குட்டையான மேசையைப் போல அது தத்தினால், அந்தத் தத்தலை ரிங் மூடிகளால் அடக்க முயலக் கூடாது. ரிங்கின் விளிம்பில் குழாயில் பிறைபோல் பதியும் தழும்பு, இப்படி அடக்கப்பட்ட ஸ்கோப்பின் அடையாளம். பழைய ஸ்கோப்பை வாங்கும்போது அந்தப் பிறைத் தழும்பை நான் தவறாமல் தேடுவேன்.

தத்தலுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, ரிங் விட்டமுள்ள எஃகுத் தண்டில் தேய்ப்புப் பசை தடவி இரு ரிங்குகளின் உட்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்து நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும் லாப்பிங். அது நல்ல முறைதான். ஆனால் தேய்க்கப்பட்ட ரிங் அந்தத் துப்பாக்கிக்கே உரியதாகிவிடும், மேற்பூச்சும் போய்விடும், அளவு மீறித் தேய்த்தால் பிடியே கெடும். இரண்டாவது, பர்ரிஸ் நிறுவனத்தின் சிக்னேச்சர் ரிங்குகளில் உள்ளதுபோல், ரிங்குக்குள் பந்துபோல் உருண்டு திரும்பும் பாலிமர் உள்வளையம். கோணப் பிழையை அவ்வளையம் தானாகவே ஏற்றுக்கொள்கிறது, குழாயில் கீறலும் விழுவதில்லை. மையம் விலகிய வளையங்களும் அவற்றோடு கிடைக்கின்றன. துளைகள் பக்கவாட்டில் விலகியிருந்தால், ஸ்கோப்பின் திருப்பத்தை வீணாக்காமல் மவுண்ட்டிலேயே அதைச் சரிசெய்துவிடலாம். சொந்தமாக, வீட்டிலேயே ஸ்கோப்பைப் பொருத்த விரும்புகிறவருக்கு இந்த ரிங்கைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பிளாஸ்டிக் என்றவுடன் பிடி தளரும் என்று அஞ்சத் தேவையில்லை. வழவழப்பான உலோகத்தைவிட அந்த வளையம் குழாயை நன்றாகவே பற்றுகிறது. ரிங்குகளின் வெளித்தோற்றம்தான் சற்றுப் பருமன்.

சில துப்பாக்கிகள் இந்தக் கேள்வியையே எளிதாக்கிவிடுகின்றன. 1968-இல் வந்த ரூகர் எம்77 வரிசையின் ரிசீவரிலேயே பேஸ் கடையப்பட்டிருக்கிறது. உதையைத் தாங்கும் பள்ளமும் அதிலேயே உண்டு, ரிங்குகளும் துப்பாக்கியோடு கிடைக்கின்றன. சாக்கோவின் டவ்டெயில் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகுவதால், உதைக்கும்தோறும் மவுண்ட் ஆப்பாக இறுகிக்கொள்கிறது. அந்நிறுவனத்தின் ஆப்டிலாக் ரிங்குகளில் தானாகத் திரும்பும் உள்வளையமும் உண்டு. சிஇசட் 550-இல் 19 மில்லிமீட்டர், சிஇசட் 527-இல் 16 மில்லிமீட்டர், டிக்கா டி3-இல் 17 மில்லிமீட்டர் என்று டவ்டெயில் அகலங்கள் மாறும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இவற்றில் ஒன்றுக்கான ரிங்கை மற்றொன்றில் பூட்ட முயலக் கூடாது. .22 துப்பாக்கிகளுக்கான 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரிங்குகள் சிறிய உதைக்காக மட்டுமே செய்யப்பட்டவை. இத்தகைய துப்பாக்கி உங்களிடம் இருந்தால், அதன் தயாரிப்பாளர் தரும் ரிங்கையே முதலில் பாருங்கள். கடையப்பட்ட பேஸின்மேல் மாற்று ரெயிலைப் பூட்டுவது கையிலிருக்கும் நன்மையைத் தூக்கியெறிவதாகும்.

கழற்றி மாட்டும் மவுண்ட்டுகளைப் பற்றிக் கருத்துகள் எப்போதும் இரு துருவங்களில் நிற்கின்றன. நெம்புகோலைத் திருப்பியவுடன் ஸ்கோப் கையோடு வந்துவிட வேண்டும், திரும்ப மாட்டினால் அதே ஸீரோ இருக்க வேண்டும் என்பது இவற்றின் வாக்கு. ஐரோப்பிய வேட்டை மரபில் இதற்கு ஆழமான வேர் உண்டு. சூல் நகரத் துப்பாக்கிக் கொல்லர்களின் பெயரால் அறியப்படும் நகமாட்டி மவுண்ட்டில், ஸ்கோப்பின் அடியிலுள்ள நகங்கள் ரிசீவரில் கையால் அராவிப் பொருத்தப்பட்ட துளைகளில் மாட்டிக்கொள்ளும். நல்ல கொல்லர் செய்தால் அது தலைமுறைகள் நிலைக்கும், ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற செலவும் ஆகும். இஏடபிள்யூ, ரெக்னாகல் போன்ற பெயர்களில் கிடைக்கும் சுழல் மவுண்ட்டில் முன்காலை மாட்டி ஸ்கோப்பைச் சுழற்றிப் பின்பக்கத்தைப் பூட்டுவோம். கொல்லரின் உழைப்பு இதில் குறைவு. பிளேசர் துப்பாக்கிகளின் சேணம் போன்ற மவுண்ட் துப்பாக்கிக் குழலான பேரலின்மேல் நேராக அமர்வதால், பேரலை மாற்றும்போது அந்தந்தப் பேரலுக்குரிய ஸ்கோப்பும் அதோடு போகிறது. வார்ன், டாலி, லூபோல்ட் ஆகியவை நெம்புகோல் உள்ள எளிய வகைகளை விற்கின்றன.

இந்த வசதி யாருக்குத் தேவை? அடர்ந்த காட்டில் பெரிய, ஆபத்தான விலங்கைத் தொடர்கிறவருக்கும், இரும்புக் குறிகாட்டியை உண்மையாகவே பயன்படுத்துகிறவருக்கும், ஒரே துப்பாக்கியில் பகலுக்கு ஒன்று அந்திக்கு ஒன்று என்று இரண்டு ஸ்கோப்புகள் வைத்திருப்பவருக்கும் தேவை. பயணத்தில் ஸ்கோப்பைத் தனிப் பெட்டியில் எடுத்துச் செல்கிறவருக்கும் இது உதவும். துப்பாக்கியை ஸ்கோப்போடு சேர்த்தே வீட்டுக்கும் காட்டுக்கும் பத்திரமாகக் கொண்டுசெல்லும் மற்றவர்கள் வருடத்தில் ஒருமுறைகூட அந்த நெம்புகோலைத் தொடப்போவதில்லை. அவர்களுக்கு அது கூடுதல் எடையும் கூடுதல் இணைப்பும்தான். வாங்கினால், விளம்பரத்தை நம்பாமல் தாங்களே சோதிக்க வேண்டும்: தாங்கியில் வைத்து மூன்று குண்டுகள் சுட்டு, கழற்றி மாட்டி மறுபடி மூன்று சுட்டு, இதையே சில முறை செய்து, எல்லாக் குழுக்களும் 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வட்டத்தை ஒட்டி விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மாட்டும்போது ஸ்கோப்பை முன்னோக்கித் தள்ளி, குறுக்குப் போல்ட் பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகு இறுக்குவது அவசியம். உதைக்கும்போது ஸ்கோப் அந்தப் பக்கமே நகரப் பார்க்கும் என்பதால், ஏற்கெனவே முட்டியிருக்கும் போல்ட்டுக்கு நகர இடமிருக்காது.

ரிங்கே இல்லாத வகை ஒன்றும் உண்டு. சைஸ், ஸ்வரோவ்ஸ்கி போன்ற நிறுவனங்கள் ஸ்கோப் குழாயின் அடியிலேயே ரெயிலைச் சேர்த்தே செய்கின்றன. ஸ்வரோவ்ஸ்கியின் எஸ்ஆர் ரெயிலில் உதையைத் தடுக்கும் பற்களும் உண்டு. குழாயைச் சுற்றி எதுவும் நெரிக்காது, குறுக்குக்கோடு சாயவே சாயாது. பொறியியல் நோக்கில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். அந்த ஸ்கோப்பை வேறொரு துப்பாக்கிக்கு மாற்றவோ விற்கவோ நினைத்தால் வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வகையை வாங்கினாலும் உயரத்தில் தவறக் கூடாது. லென்ஸின் அளவு 40 மில்லிமீட்டர் என்றால் அதன் வெளிக்கூட்டின் விட்டம் சுமார் 47 மில்லிமீட்டர், ஆரம் 23.5. ஒரு அங்குலக் குழாயின் ஆரம் 12.7. ஆகவே முன்கூடு குழாயின் அடிமட்டத்திலிருந்து ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. பேரலுக்கும் கூட்டுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதே கணக்கில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் ஸ்கோப்பின் மையம் 5 மில்லிமீட்டர் உயர்ந்தே ஆக வேண்டும். குண்டின் பாதையில் இந்த உயர்வு பெரிய மாற்றத்தைச் செய்யாது. 100 மீட்டரில் ஸீரோ செய்தால் 200 மீட்டரில் வரும் வேறுபாடு அதே 5 மில்லிமீட்டர்தான். பாதிக்கப்படுவது கன்னம். கட்டையில் கன்னம் உறுதியாகப் பதிந்திருக்கும்போது கண் தானாக ஸ்கோப்பின் மையத்துக்கு வர வேண்டும். கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்த பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முழுவட்டமாகக் காட்சி தெரிந்தால் உயரம் சரி. காட்சியின் கீழ்ப்பாதி கருத்து, தலையைத் தூக்கினால்தான் சரியாகிறது என்றால், ரிங் தேவைக்கு மேல் உயரம். புதரிலிருந்து விலங்கு எழுந்து ஓடும் அந்த ஓரிரு வினாடிகளில் தலையைத் தூக்கிக் காட்சியைத் தேட நேரமிருக்காது.

தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. பின்கூட்டின் விட்டம் குழாயைவிடப் பெரியது என்பதால், துப்பாக்கியின் போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 90 பாகை தூக்க வேண்டிய இரண்டு பூட்டுப்பல் கொண்ட போல்ட்டுகளில் இந்தச் சிக்கல் வரும். 60 முதல் 70 பாகையில் திறக்கும் போல்ட்டுகளில் அரிது. பழைய மவுசர் 98 துப்பாக்கிகளில் நேரான கைப்பிடியும் மேலே எழும் கொடி போன்ற பாதுகாப்புப் பூட்டும் ஸ்கோப்பைத் தாழ்வாக வைக்கவே விடாது. அவற்றை மாற்றினால்தான் முடியும். அசல் நிலையில் இருக்கும் பழந்துப்பாக்கியில் துளையிட்டால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்பதால், அத்தகையதில் ஸ்கோப் வேண்டுமா என்பதையே முதலில் யோசிப்பது நல்லது. வின்செஸ்டர் 94 போல மேல்நோக்கி வெறுந்தோட்டாவை எறியும் பழைய லீவர் துப்பாக்கிகளுக்குப் பக்கவாட்டு மவுண்ட்டோ, பேரலின்மேல் முன்னால் அமர்ந்து, கண்ணிலிருந்து வெகு தூரத்திலும் காட்சி தரும் நீள்கண் தூர ஸ்கோப்போதான் வழி.

கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்லென்ஸுக்கும் இடையே வேண்டிய கண் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுவான வேட்டை ஸ்கோப்பில் அது 9 முதல் 10 சென்டிமீட்டர். கடையில் நின்ற நிலையில் சரியாக இருக்கும் ஸ்கோப், படுத்தோ மேல்நோக்கிய சரிவிலோ சுடும்போது கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடும். புருவத்தில் பிறைபோல் வெட்டும் காயம் அப்படித்தான் ஏற்படுகிறது. ஆகவே குளிர்கால உடையோடும் மெல்லிய உடையோடும், எல்லா நிலைகளிலும் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

திருகுகளுக்கு வருவோம். பேஸ் திருகுகள் வழக்கமாக 6-48 என்ற அளவு, அதாவது விட்டம் 3.5 மில்லிமீட்டர். கனத்த உதை உள்ள துப்பாக்கிகளில் 4.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8-40 திருகு போடப்படுகிறது; .375 போன்ற தோட்டாவுக்கு அதுவே வேண்டும் என்பேன். முன் பேஸின் முன் திருகு சற்று நீண்டிருந்தால் பேரலின் மரையிலோ போல்ட்டின் பல்லிலோ முட்டும். திருகு இறுகியதுபோல் தோன்றும், பேஸோ தளர்வாகவே இருக்கும். ஒவ்வொரு திருகையும் இறுக்கியபின் போல்ட்டை மூடித் திறந்து பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். துளைகளிலும் திருகுகளிலும் உள்ள ஆலை எண்ணெயைக் கரைப்பானால் துடைத்துவிட்டு, பேஸ் திருகுகளுக்கு மட்டும் நடுத்தர வலிமையுள்ள நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு இடலாம். சிவப்பு வேண்டாம்; அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

திருகை அளந்த விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். மவுண்ட்டுக்கு அடுத்தபடியாகப் பணம் செலவிட வேண்டிய பொருள் அதுதான். ரிங் மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். கையளவில் இறுக்குகிறவர்கள் இதைவிட இரு மடங்குவரை போய்விடுகிறார்கள். குழாய் நெரிந்து உருப்பெருக்க வளையம் கனத்துச் சுற்றுவது அதன் விளைவு. பிகட்டினி எஃகு ரிங்கின் குறுக்குப் போல்ட்டுக்கு 65 அங்குல-பவுண்டுவரை சொல்லப்படும். அந்த எண்ணைத் தவறிப்போய் மூடித் திருகுக்குப் பயன்படுத்தினால் ஸ்கோப் போயிற்று. மவுண்ட்டோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதியானது. திருகுகளை மூலைவிட்டமாக, சிறிது சிறிதாக இறுக்கி, மூடியின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கப் பார்க்க வேண்டும். குறுக்குக்கோட்டை நேராக்க, தொலைவில் தொங்கவிட்ட தூக்குநூலைப் பார்த்து அமைப்பதே எனக்கு நம்பிக்கையான முறை.

எல்லாம் முடிந்தபின், ஒவ்வொரு ரிங்கின் விளிம்பையும் ஒட்டிக் குழாயில் மெல்லிய ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றிவிட்டு, ஒரு பெட்டி தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். ரிங்கின் பின்பக்கத்தில் ஒட்டிய நாடா விளிம்போடு ஒட்டியே இருந்தால் பிடி போதுமானது. நாடா ரிங்குக்குள் நுழையப் பார்த்துச் சுருங்கியிருந்தாலோ, முன்பக்க நாடாவுக்கும் ரிங்குக்கும் இடையே குழாய் மெல்லிய கோடாகத் தெரிந்தாலோ, ஸ்கோப் முன்னோக்கி வழுக்கியிருக்கிறது. அப்போது திருகை மேலும் முறுக்காதீர்கள். மூடியைக் கழற்றி, ரிங்கின் உட்பக்கத்தையும் குழாயையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, 30 மில்லிமீட்டர் ரிங்கில் ஒரு அங்குலக் குழாய் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் உறுதி செய்து, அதே அளவில் மறுபடி இறுக்கிச் சுடுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால், அந்த ஸ்கோப்பின் எடைக்கு அந்த ரிங் போதவில்லை. அகலமான ரிங்கையோ பாலிமர் வளையம் உள்ள ரிங்கையோ வாங்கிவிடுவதே சரி.